கோல் கம்பத்துக்குப் பின்னால் ஒரு நாற்காலி

சொந்த மைதானத்தில் ஆறு ஆட்டம். ஆறிலும் தோல்வி. வெளியூரில் ஐந்து, அதில் இரண்டு தோல்வி. பத்து அணி உள்ள லீக்கில் துறைமுகம் ஸ்போர்ட்டிங் பத்தாவது இடம். கோச் இரண்டு பேரை அனுப்பியாச்சு. இரண்டு பேரையும் தேர்ந்தெடுத்தது நான்.

இன்று மூன்றாவது கோச்சைத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஏழே முக்காலுக்குள். இப்போது காலை மணி ஏழு. நான் என் நாற்காலியில் இருக்கிறேன். வடக்குக் கோல் கம்பத்துக்குப் பின்னால், வலையிலிருந்து மூன்றடி தள்ளி, கம்பி வேலிக்கு இந்தப் பக்கம். இரும்பு நாற்காலி. கிளப் கொடுத்தது, ரிட்டயர் ஆன வருஷம், மாலை போட்டு, மைக்கில் பேசி. இருபது வருஷம் துறைமுக அணிக்குக் கீப்பராக நின்றவன், இனி பின்னால் உட்காரட்டும் என்று. உட்கார்ந்தேன். சும்மா உட்கார எனக்கு வராது. வாய் தானாகத் திறக்கும். முன்னாடி வாடா, உள்ள போடா, ரைட்ல ஆள் இருக்குடா. இடைவேளைக்கு அணி பக்கம் மாறினால் நானும் நாற்காலியைத் தூக்கிக்கொண்டு மைதானத்தைச் சுற்றி அந்தப் பக்கம் போவேன். ஜனம் கைதட்டும். ஏகாம்பரம் போறார் பாரு என்பார்கள். ரெஃபரி ஒன்றும் சொல்ல முடியாது, வேலிக்கு வெளியே இருப்பவன் பொதுஜனம். கடல் காற்று அடிக்கிறது. புல்லில் ஈரம். எண்ணூர் ரோட்டில் கண்டெய்னர் லாரிக்காரன் ஒருத்தன் ஹாரனை விடாமல் அழுத்துகிறான், போய்த் தொலையேன். மூன்று பேர் வந்திருக்கிறார்கள் வேலைக்கு. எங்கள் வழக்கம் இது: ஆளுக்கு நாற்பது நிமிஷம், பையன்களை வைத்துப் பயிற்சி கொடுக்க வேண்டும், பேச்செல்லாம் அப்புறம். நேற்று ஒரு போர்ச்சுகல்காரர். முந்தாநாள் பிரதாபன், இந்தியாவுக்கு ஆடியவர். இன்று இந்தக் கண்ணாடிக்காரன். முடிந்ததும் மூன்று பேர் சீட்டு எழுதி கோப்பைக்குள் போடுவோம். முதலாளி பையன் நிதின் ஒன்று, செக்ரட்டரி கமலநாதன் ஒன்று, நான் ஒன்று. மூன்று சீட்டில் மூன்று பெயர் வந்தால் மூத்தவன் சீட்டு ஜெயிக்கும். மூத்தவன் நான். நிதின் போர்ச்சுகல்காரருக்குத்தான் போடுவான், லேப்டாப்பில் அந்த ஆள் காட்டிய அம்புக்குறிகளைப் பார்த்து வாய் பிளந்துவிட்டான். கமலநாதனுக்குப் பிரதாபன் கூடப் போட்டோ எடுத்ததிலேயே வயிறு நிறைந்துவிட்டது. ஆகவே நான். மறுபடியும் நான். கடைசியில் முடித்துக் கீழ் லீக்குக்கு இறங்கினால் கிளப்பை மூடிவிடுவேன் என்று நிதின் அப்பா சொல்லிவிட்டார், கப்பலுக்குச் சாமான் ஏற்றுகிற மனுஷன், வார்த்தை மாற மாட்டார். இருபத்தாறு பையன்கள். வியாசர்பாடி, காசிமேடு, தண்டையார்பேட்டை. பந்தைத் தவிர ஒன்றும் தெரியாது அவன்களுக்கு. எனக்கும்தான்.

விசில் ஊதிவிட்டான் கண்ணாடிக்காரன். சின்ன உருவம். நாற்பத்தைந்து இருக்கும். கண்ணாடியைக் கயிறு போட்டுக் காதில் கட்டியிருக்கிறான். கன்னியாகுமரிக் கடற்கரைக்காரன் என்று கமலநாதன் சொன்னார், அங்கே ஊருக்கு ஊர் மணலில் பந்து ஆடுவார்கள், இவன் போலீஸ் டீமுக்கும் காலேஜ் டீமுக்கும் கோச். அவ்வளவுதான் அவன் சரித்திரம். கோன் வைக்கவில்லை. பலகை இல்லை. நேற்றைய ஆள் கோன் வைக்கவே பத்து நிமிஷம் எடுத்தார், கலர் கலராக, கல்யாண வீட்டு வாசல் மாதிரி. இவன் பந்தை நடுவில் போட்டான், ஆடுங்க என்றான், ஓரமாய் நின்றுவிட்டான். சரி. இது என்னடா கோச்சிங். ஆனால் ஒரு விதி வைத்தான்: பந்தை வாங்கினவன் நிற்கக் கூடாது. நின்றால் விசில், பந்து எதிராளிக்கு. அவ்வளவுதான். முதல் இரண்டு நிமிஷம் விசில் மேல் விசில். அப்புறம் பந்து ஓட ஆரம்பித்தது. அட. ஓடுகிறது. இடது ஓரத்திலிருந்து நடுவுக்கு, நடுவிலிருந்து வலது ஓரத்துக்கு, ஈரப் புல்லில் சறுக்கிக்கொண்டு, ஒரு தொடல், ஒரு தொடல், ஒரு தொடல், எவனும் நிற்கவில்லை. மூன்று மாசமாய்ச் சிமெண்டு மூட்டை சுமக்கிறவன் மாதிரி ஆடின பையன்கள். நான் நாற்காலி நுனிக்கு வந்துவிட்டேன். முழங்கால் வலி எங்கே போச்சு என்று தெரியவில்லை. டாக்டர் படபடப்பு கூடாது என்றிருக்கிறார். போய்யா. வருது, வருது, வலது பக்கம் ஒருத்தன் தனியா வரான், டில்லி தூங்குறான், டேய் டில்லி, முன்னாடி வாடா, முன்னாடி. டில்லிபாபு, எங்கள் கீப்பர், இருபத்து மூன்று வயசு, ஆறடி, நான் வளர்த்த கை. முன்னால் வந்தான். பந்து தலைக்கு மேலே போய் வலையில் விழுந்தது. "இன்னா நைனா, வரச் சொன்ன, தூக்கிப் போட்டுட்டான் பாரு" என்றான் என்னைத் திரும்பிப் பார்த்து. "ரெண்டடி வரச் சொன்னா ஆறடி வர்றியேடா, மாட்டுப் பயலே" என்றேன். சிரித்தான். பந்தை எடுத்துப் போட்டான். கண்ணாடிக்காரன் அங்கேயிருந்து எங்களையே பார்த்துக்கொண்டிருந்தான். பாக்கெட்டிலிருந்து ஒரு துண்டுக் காகிதம் எடுத்தான், படித்தான், மறுபடி வைத்தான்.

எனக்கு ஏன் மார் அடித்துக்கொள்கிறது. முதல் பத்து நிமிஷத்திலேயே தெரிந்துவிட்டது போல இருக்கிறது. ஆனால் போன முறையும் அப்படித்தான் தெரிந்தது. போன வருஷம் வந்தவன் மைதானத்தில் என்னைக் கண்டதும் காலைத் தொட்டான், எனக்கு உச்சி குளிர்ந்துவிட்டது, அவன் பெயரை எழுதினேன், நாலு ஆட்டம், நாலும் போச்சு. அதற்கப்புறம் வந்தவன் என்னிடம் பேசவே பயந்தான், அதுவும் எனக்குப் பிடித்திருந்தது. அவன் டில்லியிடம் ஏதாவது சொல்லுவான், டில்லி என் முகத்தைப் பார்ப்பான், நான் இல்லை என்று தலையாட்டுவேன். அவனும் விட்டுவிடுவான். நல்ல பிள்ளை. தோற்றுக்கொண்டே இருந்த நல்ல பிள்ளை. அமராவதி, என் பெண்டாட்டி, சொன்னாள்: "கோச்சு வேணுமா உனக்கு, இல்ல ஆமாஞ்சாமி வேணுமா." சோற்றைப் போடு என்றேன். மைதானத்துல தொண்டை கிழியக் கத்திட்டு வீட்டுக்கு வந்தா ஊமையாயிடுற என்று இன்னும் ஏதேதோ சொன்னாள், காதில் வாங்கவில்லை. தோல்விக்கு நான் புல்லைச் சொன்னேன். உப்புக் காற்றைச் சொன்னேன். தெற்குக் கோலுக்கு முன்னால் இருக்கிற பள்ளத்தைச் சொன்னேன், லாரி வைத்து மண் அடித்தார்கள், அடுத்த ஆட்டம் ஐந்து கோல். வெளியூருக்கு நான் போகிறதில்லை. பஸ்ஸில் எட்டு மணி நேரம் முழங்காலை மடக்கி உட்கார முடியாது. ஃபோனில் கேட்டுக்கொள்வேன், எத்தனை, சமன், சரி. வெளியூர் மண் நல்லா இருக்கும் என்று நினைத்துக்கொள்வேன்.

வருகிறான். என்னிடம்தான் வருகிறான். ஆட்டத்தை நிறுத்திவிட்டு வேலியோரம் வந்து நிற்கிறான். கண்ணாடியில் ஆவி. "அய்யா, ஒரு காரியம் கேக்கணும்." கேள் என்றேன். "நீங்க கொஞ்சம் கேலரி மேல போய் இருக்கணும். ஒரு பத்து நிமிஷம்." எனக்குப் புரியவில்லை. எதுக்கு என்றேன். "டில்லி உங்களப் பாக்கான்." பாக்கட்டுமே, நான் என்ன புதுப் பெண்ணா என்றேன். அவன் சிரிக்கவில்லை. காகிதத்தை எடுத்தான். "வெளியூர்ல அஞ்சு மேட்ச்ல மூணு கோல் விட்டிருக்கான். இங்க ஆறு மேட்ச்ல பதினேழு. அதே கை, முன்னால தடுக்க அதே நாலு பேரு. எனக்க கணக்குல வெளியூர்ல இல்லாதது ஒண்ணுதான் இங்க இருக்கு, கேட்டீங்களா." நாற்காலியைப் பார்த்தான். என்னைப் பார்க்கவில்லை, நாற்காலியைப் பார்த்தான். நல்ல வார்த்தை வாயில் வந்தது. டேய், நான் பந்து பிடிக்கும்போது நீ அரைஞாண் கயிறு கட்டிக்கொண்டிருந்தாய். சொல்லவில்லை. பையன்கள் எல்லாரும் பார்க்கிறார்கள். டில்லி குனிந்து கையுறையைக் கட்டுகிற மாதிரி பாவனை. தெரிந்திருக்கிறது அவனுக்கு. எத்தனை நாளாய்த் தெரியும். "பத்து நிமிஷம்தான், பொறவு உங்க இஷ்டம்" என்றான் கண்ணாடிக்காரன். எழுந்தேன். ஏன் எழுந்தேன் என்று தெரியவில்லை. கோபத்தில்தான் எழுந்தேன். மேலே போய் அங்கிருந்து அப்படியே வாசல் வழியாக வீட்டுக்குப் போய்விடலாம், பிரதாபன் பெயரை எழுதி விட்டெறிந்துவிட்டு. கிளப் அழிந்தால் அழியட்டும்.

இருபத்திரண்டு படி. ஒவ்வொரு படியிலும் ஒரு பதினேழு. பதினேழு, மூன்று. பதினேழு, மூன்று. பொய்க் கணக்கு. எதிரணிகள் வேறு, காற்று வேறு. எட்டாவது படியில் நின்றேன், மூச்சு. பதினேழில் எத்தனை நான் சொல்லி விட்டது. இரண்டு இருக்கும். ரெட்ஹில்ஸ் அணிக்காரன் அடித்த கார்னர், நான் வெளியே வாடா என்றேன், வந்தான், விழுந்தது, சரி அது ஒன்று. நெல்லூர் அணியோடு பெனால்டி, இடது பக்கம் என்றேன், அது எல்லாரும் செய்கிற தப்பு. மூன்று. ஃப்ரீ கிக்குக்குச் சுவர் மாற்றச் சொன்னது, நாலு. வேண்டாம், எண்ணாதே. கைப்பிடிக் கம்பி சில்லென்றிருக்கிறது. கொல்லம் நினைவு வருகிறது. எதற்கு இப்போது கொல்லம். எழுபத்தொன்பது, அரையிறுதி, மழை, நான் கோலில். என் அண்ணன் பலராமன் ரயிலேறி வந்து கோலுக்குப் பின்னால் குடை பிடித்துக்கொண்டு நின்றான். கடைசி நிமிஷத்தில் அவன்கள் பக்கத்து ஆள் தனியாக வந்தான். எனக்குத் தெரிந்தது அவன் எந்தக் காலால் அடிக்கப் போகிறான் என்று, உடம்புக்குத் தெரிந்தது, உடம்பு இடது பக்கம் சாய ஆரம்பித்துவிட்டது, பின்னாலிருந்து அண்ணன் குரல், ரைட்டு ஏகா, ரைட்டு. உடம்பு நின்றது. ஒரு கண் இமைக்கிற நேரம். பந்து இடது பக்கம், நான் சாய்ந்துகொண்டிருந்த பக்கம், உருண்டு, மெதுவாக, ஒரு பிள்ளை தள்ளிவிட்ட மாதிரி உள்ளே போச்சு. அண்ணனோடு இரண்டு வருஷம் நான் பேசவில்லை. அவன் கல்யாணத்துக்குப் போகவில்லை. நல்லதுக்குத்தானே சொன்னேன் என்று அம்மாவிடம் அழுதிருக்கிறான். நல்லதுக்குத்தான். நானும் நல்லதுக்குத்தான். பன்னிரண்டு, பதிமூன்று. என்ன படி கட்டியிருக்கிறான்கள், ஏணி மாதிரி. நல்லதுக்குத்தானே சொன்னேன்.

மேலே வந்துவிட்டேன். வீட்டுக்குப் போகவில்லை. உட்கார்ந்தேன். இந்த இடத்திலிருந்து மைதானத்தைப் பார்த்து எத்தனை வருஷம். பெரிதாய் இருக்கிறது. கீழேயிருந்து எனக்குத் தெரிவதெல்லாம் டில்லியின் முதுகும் வலையின் கட்டங்களும். இங்கேயிருந்து எல்லாரும் தெரிகிறார்கள், துறைமுகத்துக் கிரேன் கூடத் தெரிகிறது. நிதின் தள்ளி உட்கார்ந்து ஃபோனில் எதையோ தட்டிக்கொண்டிருக்கிறான். கமலநாதன் பக்கத்தில் வந்து, "அண்ணே, கோவப்படாதீங்க, நாகர்கோவில் பக்கம் ஆளுங்க பட்டுன்னு பேசுவாங்க" என்றார். "வாய மூடிக்கினு பாரு" என்றேன். கண்ணாடிக்காரன் கார்னர் அடிக்கச் சொல்லியிருக்கிறான். ஒன்றுக்குப் பின் ஒன்றாக. பாக்ஸுக்குள் ஆறு பேர் தாக்க, நாலு பேர் தடுக்க. தடுக்கிற நாலு பேரிடம் மட்டும் பேசினான், எனக்கு இங்கே வரை கேட்டது: "டில்லி சொல்றத மட்டும் கேக்கணும். என்னையும் கேக்கப்படாது." டில்லியிடம் ஒரு வார்த்தை இல்லை. முதல் கார்னர். டில்லி பந்தைப் பார்த்தான், தாடை இடது தோளைத் தொட்டது, திரும்பி நாற்காலியைப் பார்த்தான். காலி நாற்காலியை. கோல். இது எத்தனை நாளாய் நடக்கிறது. கீழே இருந்தால் அவன் முகம் தெரியும், பிரியமாய்ப் பார்க்கிறான் என்று தோன்றும். மேலேயிருந்து பார்த்தால், பந்து வருகிற நேரத்தில் ஒரு கீப்பர் பந்தைப் பார்க்கவில்லை. அவ்வளவுதான் தெரிகிறது. அறுபத்தொன்பது வயசுக் கீப்பருக்கு இது தெரியவில்லை. இரண்டாவது கார்னர். மறுபடி தாடை, தோள், நாற்காலி. கோல். மூன்றாவது. கோல். நான் எழுந்து நின்றுவிட்டேன். வாய் திறந்துவிட்டது, டேய் என்று பாதி வந்துவிட்டது, கையால் வாயைப் பொத்திக்கொண்டேன், சத்தியமாகப் பொத்திக்கொண்டேன், கமலநாதன் பயந்துபோய் "தண்ணி வேணுமாண்ணே" என்றார். கண்ணாடிக்காரன் பந்தை எடுத்துக் கார்னருக்கு உதைத்தான். பேசேண்டா. பையன் முழுகிக்கொண்டிருக்கிறான். பேச மாட்டேன் என்கிறான். கைகட்டி நிற்கிறான். எப்படி நிற்க முடிகிறது ஒருத்தனால். நாலாவது. டில்லி பாதி திரும்பினான். பாதியில் நின்றான். தோளைத் தாடை தொடவில்லை. பந்து கையில் பட்டு வெளியே போச்சு. வெளியே. நல்லா இரு, நல்லா இருடா. ஐந்தாவது. தூரத்துக் கம்பத்துக்கு வளைந்து வருகிறது, மோசமான பந்து, இந்தப் பந்துக்குத்தான் ஆறு ஆட்டத்திலும் செத்தோம், டில்லி எங்கும் பார்க்கவில்லை, பந்தைப் பார்த்தான், அப்புறம் ஒரு சத்தம் வந்தது. "என்னுது." என்ன குரல். கனமான குரல். ஐந்து வருஷமாய் இவனை வளர்க்கிறேன், இவன் குரல் எனக்குத் தெரியாது. நைனா நைனா என்று இழுக்கிற குரல் தெரியும், இது வேறு. தடுக்கிற நாலு பேரும் கத்தியால் வெட்டின மாதிரி விலகினார்கள், டில்லி ஆறு தலைக்கு மேலே எழும்பி, இரண்டு கையாலும், வானத்திலிருந்து பறித்தான்.

அதற்கப்புறம் எனக்கு ஒழுங்காய் நினைவில்லை. பறித்த கையோடு உருட்டிவிட்டான், உருண்ட பந்தை வாங்கினவன் நிற்கவில்லை, அந்த விதி, நிற்கக் கூடாது, நடுவில் ஒருத்தன், ஓரத்தில் ஒருத்தன், ஏழு நொடியில் அந்தப் பக்கக் கோலில் பந்து. ஏழு நொடி. எண்ணினேன். டில்லி கத்துகிறான், மோசே லெஃப்ட் மூடு, அமீர் மேல ஏறு, ஏறுடா சோம்பேறி, நான் சொல்லியிருக்க மாட்டேன், நான் மோசேயை உள்ளே இழுத்திருப்பேன், தப்பாய்ப் போயிருக்கும். அவன் சொன்னது சரி. எனக்கு மயிர்க்கூச்செறிகிறது. ஆட்டம் இப்படி இருக்கும் என்பதே மறந்துபோயிருந்தது. நானில்லாமல். அந்த இடத்தில் மட்டும் முள் மாதிரி ஒன்று சிக்குகிறது, நானில்லாமல், நானில்லாமல், சரி, சிக்கட்டும், பந்து எங்கே, அதோ, மறுபடி டில்லி, மறுபடி என்னுது. நிதின் ஃபோனைக் கீழே வைத்துவிட்டான். "அங்கிள், திஸ் கை நல்லாத்தான் இருக்காரு, ஆனா அந்தப் போர்ச்சுகல்காரருக்குத்தான் டேட்டா இருக்கு" என்கிறான். இருக்கட்டும், உன் சீட்டு உனக்கு. சனிக்கிழமை கோயம்புத்தூர் அணி இங்கே வருகிறது. சனிக்கிழமை நான் எங்கே இருப்பேன். இங்கேயா. பத்து நிமிஷம்தானே என்றான், பத்து நிமிஷம் முடிந்து இருபதாச்சு, இறங்கிப் போனால் நாற்காலி அங்கேதான் இருக்கிறது. இவனைத் தேர்ந்தெடுத்துவிட்டு நாற்காலியையும் வைத்துக்கொள்ளலாம். வாயை மூடிக்கொண்டு உட்காரலாம். முடியுமா உன்னால். முடியும். முடியாது. ஏகாம்பரம், முடியாது. ரெட்ஹில்ஸ்காரன் கார்னர் அடித்தால் உனக்குத் தானாக வரும்.

கடைசி விசில். பையன்கள் வேர்த்துக்கொண்டு சிரிக்கிறார்கள், மூன்று மாசத்துக்கப்புறம் சிரிக்கிறார்கள், டில்லியின் தலையில் தண்ணி பாட்டிலைக் கவிழ்க்கிறான் அமீர். கமலநாதன் கோப்பையையும் மூன்று சீட்டையும் எடுத்துவந்தார். நிதின் எழுதிப் போட்டுவிட்டான். கமலநாதன் கையால் மறைத்துக்கொண்டு எழுதினார், என்னவோ ரகசியம் மாதிரி. என் சீட்டு என் கையில். இரண்டு இரண்டு படியாக ஏறி வருகிறான் கண்ணாடிக்காரன். மூச்சு வாங்கவில்லை. எனக்கு எதிரில் வந்து நின்றான். "அய்யா, ஒண்ணு சொல்லிடுதேன். எனக்கு வேல கெடச்சா அந்த நாற்காலி அங்க இருக்கப்படாது. வேல வாங்கிட்டுப் பொறவு சொன்னா அது மரியாத இல்ல. இப்பவே சொல்லுதேன்." கமலநாதன் முகம் வெளுத்துவிட்டது. என்னங்க நீங்க, பெரியவர்கிட்ட என்று ஆரம்பித்தார். கையைக் காட்டி நிறுத்தினேன். இவனுக்கு அந்தச் சீட்டு விதி தெரியும். என் கையில் இருப்பதுதான் தன் வேலை என்று தெரியும். தெரிந்தே ஏறி வந்து சொல்கிறான். காலைத் தொட்டவன் ஒருத்தன், பயந்தவன் ஒருத்தன், இவன் ஒருத்தன். கிழட்டு மாரே, கொஞ்சம் மெதுவாய் அடி.

"நான் மேலருந்து கத்தினா?" என்றேன்.

"கத்துங்க. டில்லிக்குக் கேக்காது."

"இடைவேளைக்கு வந்து பேசினா?"

"கதவ பூட்டிருவேன்."

சீட்டைக் கைப்பிடிச் சுவர் மேல் வைத்தேன். பேனா மூடியைப் பல்லால் இழுத்தேன்.

"உன் பேரு என்னப்பா. எழுதணும்."

"ததேயுஸ்."